ஹேசலின் முழங்கையில் ஒரு கருவளையம்

செப்டம்பர் 3, செவ்வாய்

இதை என்றாவது திரும்பப் படிக்கப்போகும் மார்லாவே, மன்னித்துக்கொள். இன்றும் எல்லோரும் தூங்கிய பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். எழுத்து கோணினால் தூக்கக் கலக்கம் என்று நினைத்துக்கொள்.

நேற்று தொழிலாளர் தின விருந்து மாமனார் வெர்லின் வீட்டில். சாப்பாட்டு மேசையில் உலோகம் பேசக் கூடாது என்பது அந்த வீட்டு விதி. செயற்கை மூட்டுக் கம்பெனிகளை நம்பிப் பிழைக்கும் எங்கள் ஊர் வார்சாவில் பாதி வீடுகளில் இந்த விதி இருக்கும். இல்லாவிட்டால் குடும்பம் நடத்த முடியாது. என் கணவன் ட்ராய்க்கு டைட்டேனியம் இடுப்பு மூட்டு செய்யும் பெரிய கம்பெனியில் வேலை. எனக்கு, எலும்புக்குள் போட்டால் கரைந்துவிடும் மெக்னீசியம் திருகாணி செய்யும் சின்னக் கம்பெனியில். வெர்லின் ஓய்வு பெறும்வரை கோபால்ட் முழங்கால் மூட்டுகளுக்குப் பாலிஷ் போட்டவர்; அதில் ஒன்று இப்போது அவர் காலிலேயே இருக்கிறது. விதியை உண்டாக்கியவரும் அவரே, உடைப்பவரும் அவரே.

"என் மருமக செய்யற ஸ்க்ரூவை மழையில வச்சா காலையில காணாமப் போயிடும்."

"உங்க முட்டி உங்களோட சவப்பெட்டி வரைக்கும் வரும். அது பெருமையா, வெர்லின்?"

"பின்னே? எங்க பட்டறை பாலிஷ். முகம் பாத்துத் தலை சீவலாம்."

ட்ராய் கரண்டியால் மேசையைத் தட்டினான். மகள் ஹேசல் சிரித்துச் சிரித்துப் பாலைக் கொட்டிவிட்டாள்.

செப்டம்பர் 10, செவ்வாய்

ஹேசல் பள்ளிக்கூடத்தில் தொங்கி விளையாடும் ஏணிக் கம்பியிலிருந்து விழுந்துவிட்டாள். இடது முழங்கை. வெளிப்பக்க எலும்பு ஒரு துண்டாகப் பிரிந்து திரும்பியிருக்கிறது. எக்ஸ்ரேயில் அந்தத் துண்டைப் பார்த்ததும் காது அடைத்துவிட்டது. டாக்டர் ஸ்டாஃபர் பேசுவது எங்கேயோ தூரத்தில் கேட்டது.

எஃகுக் கம்பி போடலாம் என்றார். நுனி தோலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். டைட்டேனியம் போடலாம், பிறகு இன்னொரு முறை கிழித்து எடுக்க வேண்டும். "இல்லன்னா உங்க ஆளுங்க செய்யறது இருக்கு. எலும்பு கூடினதும் தானா கரைஞ்சிடும்."

"எங்களுது," என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. ஐந்து வயதுக் குழந்தையை இரண்டாம் முறை மேசையில் படுக்க வைக்க வேண்டாம் என்பதற்காகத்தான் சொன்னேன். அதற்காகத்தான், இல்லையா?

ட்ராய் என்னைப் பார்த்தான்.

செப்டம்பர் 12

முடிந்தது. தூங்குகிறாள். கட்டின் மேல் ஊதா நிறம் வேண்டுமாம்.

அக்டோபர் 7, திங்கள்

இன்று ஹேசலுக்கு மறுபரிசோதனை.

கட்டைப் பிரித்துப் படம் எடுத்தார்கள். ஸ்டாஃபர் சர்ச் மருத்துவக் குழுவோடு ஹோண்டுராஸ் நாட்டுக்குப் போயிருக்கிறார். அவருக்குப் பதில் டாக்டர் கெம்ப்பர். படத்தைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. திருகாணியைச் சுற்றி எலும்பில் ஒரு கருவளையம்.

"எலும்பு அரிச்சிருக்கு. சீழ் பிடிச்சிருக்கலாம். காலையில காய்ச்சல் இருந்துச்சுன்னு வேற சொல்றீங்க. வியாழக்கிழமை திறந்து எடுத்துடலாம்."

அது வாயு. மெக்னீசியம் கரையும்போது ஹைட்ரஜன் வரும். எலும்பில் அது கறுப்பாகத் தெரியும். தினமும் ஆய்வகத்தில் வெதுவெதுப்பான உப்புநீர்க் கிண்ணங்களில் அந்தக் குமிழிகளைப் பார்க்கிறவள் நான். முயல் எலும்புகளில் இதே வளையத்தை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். சொல்ல வாயைத் திறந்தேன். படத்தை மறுபடி பார்த்தேன். முயலில் வாயுவாகத் தெரிந்தது என் பிள்ளையின் கையில் ஓட்டையாகத் தெரிகிறது.

திறந்தால் வளரும் எலும்பின் நுனியை மறுபடி தொட வேண்டும். கை கோணலாக வளரலாம். சீழ் இருந்து திறக்காமல் விட்டால் மூட்டே போய்விடும். இரண்டையும் கெம்ப்பர் ஒரே குரலில் சொன்னார்.

அக்டோபர் 8

காலையில் என் மேலாளர் டெனிஸுக்குப் போன் செய்தேன். முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் படிக்க ஆரம்பித்துவிட்டாள்: "திருகாணியைச் சுற்றிக் கருமை தெரிவது இயல்பே. அது வாயு மட்டுமே. சில மாதங்களில் மறையும். கவலை வேண்டாம்."

எங்கள் விளக்கத் தாளில் இருக்கும் வரி. டைட்டேனியம் விற்பவர்கள் அந்தக் கறுப்புப் படத்தை டாக்டர்களிடம் காட்டிப் பயமுறுத்துகிறார்கள் என்று, அதற்கு மறுப்பாகப் போட்டது. எழுதியது நான். என் வாக்கியத்தையே எனக்குப் படித்துக் காட்டுகிறாள். படத்தைப் பார்க்காமலேயே.

"காய்ச்சல் இருக்கு, டெனிஸ்."

"புள்ளைங்கன்னா சளி பிடிக்கத்தான் செய்யும். நீ அந்தப் படத்தை எனக்கு அனுப்பு, மார்லா. ஆறினதும் மாநாட்டுல காட்டலாம். நம்ம ஊழியரோட சொந்தப் புள்ள! இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

போனை வைத்துவிட்டேன்.

ட்ராய் வேலையிலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்றான். "எங்க விற்பனை ஆளு ஒருத்தன் படத்துல ஒரு காப்பி கிடைக்குமான்னு கேக்கறான்."

அதற்குள் எப்படித் தெரிந்தது? இந்த ஊரில் எப்படித் தெரியாமல் இருக்கும்.

"நீ என்ன சொன்னே?"

"அது என் பொண்ணு கை, உன் கடை போர்டு இல்லன்னேன்." பிறகு மெதுவாக, "எடுத்துடலாம், மார்லா," என்றான்.

"எங்க ஸ்க்ரூ தோத்துப் போனா உனக்குக் குளுகுளுன்னு இருக்கும், இல்ல?"

ஐயோ. நானா சொன்னேன் அதை? அவன் திருப்பித் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. ஹேசலின் அறைக்குப் போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டான். இப்போதும் அங்கேதான் இருக்கிறான்.

அக்டோபர் 9

காய்ச்சல் 100.4. சளியா? சீழா?

மத்தியானம் வெர்லின் உருளைக்கிழங்கு மசியல் மேல் நூடுல்ஸ் ஊற்றி ஒரு பெரிய பாத்திரத்தில் கொண்டுவந்தார். வந்ததும் குத்திக்காட்டுவார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். படத்தை நீட்டினேன். வாங்கவே மாட்டேன் என்றார்.

"என்கிட்ட காட்டாத, கண்ணு. உன் மெக்னீசியத்தை எங்க பாத்தாலும் எனக்குக் கெட்டதாத்தான் தெரியும். அப்படியே பாத்துப் பாத்துப் பழகிப்போன கண்ணு இது. இதை நம்பிப் புள்ள கையைக் கொடுக்கலாமா?"

அவர் போன பிறகு வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் கண் பழகியது என்றால் என் கண்? டெனிஸ் பார்க்காமலே வாயு என்றாள். கெம்ப்பர் பார்த்ததும் சீழ் என்றார். நாங்கள் எல்லோரும் திருகாணியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். உள்ளே என்ன இருக்கிறது என்று யார் பார்த்தார்கள்?

உள்ளே இருப்பதைக் கொஞ்சம் ஊசியால் உறிஞ்சி எடுத்துத்தான் பார்க்க வேண்டும். ட்ராயிடம் சொன்னேன். நேற்றுச் சொன்னதற்கும் மன்னிப்புக் கேட்டேன். தலையை ஆட்டினான். எதற்கு ஆட்டினான் என்று கேட்கவில்லை.

அக்டோபர் 10, வியாழன்

ஹேசலை உள்ளே கொண்டுபோவதற்கு முன் கெம்ப்பரை வழியில் மறித்தேன். "திறக்கறதுக்கு முன்னாடி ஊசி போட்டு உறிஞ்சிப் பாருங்க, டாக்டர். சீழ் வந்தா அதே மயக்கத்துல திறந்துடுங்க. வரலைன்னா தொடாதீங்க."

"இதை அம்மாவா கேக்கறீங்களா, கம்பெனி ஆளா கேக்கறீங்களா?"

"தெரியல. ரெண்டு பேருமே பயந்து போயிருக்காங்க."

"சரி," என்றார். "ஆனா ஒரு சொட்டு சீழ் வந்தாலும் உங்ககிட்ட கேக்க வெளியே வரமாட்டேன்."

"வராதீங்க."

காத்திருந்த நேரத்தைப் பற்றி எழுத முடியவில்லை. ட்ராய் என் கையைப் பிடித்திருந்தான். அது மட்டும் ஞாபகம் இருக்கிறது. கதவு திறந்தது. கெம்ப்பர் கையில் ஊசிக்குழாய். இளஞ்சிவப்பாக நுரை. பொடிப் பொடிக் குமிழிகள்.

"திறக்கல," என்றார். உட்கார்ந்துவிட்டார். "படிச்சிருக்கேன். கண்ணால இப்பதான் பாக்கறேன். சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி வந்துச்சு." கிருமி வளர்கிறதா என்று பார்க்க அனுப்பியிருக்கிறார்கள். அதுவரை எதுவும் உறுதியில்லை.

எனக்கு அழுகை வரவில்லை. சிரிப்பும் வரவில்லை. அந்தக் குமிழிகளை எனக்குத் தெரியும்.

அக்டோபர் 15

எதுவும் வளரவில்லை. வெறும் சளிக் காய்ச்சல்தான். அவள் வகுப்பில் பாதிப் பேருக்கு இருக்கிறது.

நான் எழுதிய வரி சரிதான். இன்று முழுக்க என்னை உலுக்குவது அதுதான். ஏனென்றால் உள்ளே சீழ் இருந்திருந்தாலும் அந்த வரி எனக்கு இதையேதான் சொல்லியிருக்கும். கவலை வேண்டாம் என்று.

நவம்பர் 19, செவ்வாய்

வளையம் சுருங்கியிருக்கிறது. கையை இன்னும் முழுதாக நீட்ட முடியவில்லை. நீட்டிவிடுவாள் என்கிறார் ஸ்டாஃபர். பார்க்கலாம்.

ஞாயிறன்று மேசை விதியை வெர்லின் மறுபடி உடைத்தார், இந்த முறை ஹேசலிடம். "எல்லாம் கரைஞ்சு போச்சுன்னா ஸ்கூல்ல எதைக் காட்டிப் பெருமையடிப்பே?"

"உங்க முட்டியைக் காட்டுவேன், தாத்தா."

ட்ராய் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகிறது.

இன்று அலுவலகத்துக்கு ஒரிகனிலிருந்து ஓர் அம்மாவின் கடிதம் வந்திருந்தது. மகனின் கணுக்காலில் எங்கள் திருகாணி. படத்தில் கறுப்பாக ஏதோ இருக்கிறது, டாக்டரைப் பார்க்க அடுத்த வாரம்தான் நேரம் கிடைத்திருக்கிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறாள். வழக்கமான வரியை அனுப்பு என்றாள் டெனிஸ். மாட்டேன் என்றேன். "எதிராளி கையில நாமளே கத்தியைக் கொடுக்கறோம், மார்லா," என்றாள். கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். நாளை வேலை இருக்குமா, தெரியவில்லை. அனுப்பியதை இங்கே எழுதி வைக்கிறேன்:

"அந்தக் கருவளையம் பெரும்பாலும் வாயுதான். என் மகளின் முழங்கையிலும் இருந்தது. ஆனால் உங்கள் மகனின் காலை நான் பார்க்கவில்லை. காய்ச்சல் உண்டா? தொட்டால் சூடாக இருக்கிறதா? வலி கூடுகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த வாரம்வரை காத்திருக்காதீர்கள். இன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். கீழே இருப்பது என் சொந்தத் தொலைபேசி எண். எந்த நேரமானாலும் பரவாயில்லை. தயவுசெய்து சீக்கிரம் பதில் சொல்லுங்கள்."