அம்மாவின் பள்ளக்காணி

நவாலி,
12.01.2026

அன்புள்ள அண்ணைக்கு,

நாங்கள் நல்ல சுகம். மச்சாளும் பிள்ளைகளும் லண்டன் குளிரில் சுகமாக இருக்க நல்லூரானை வேண்டுகிறேன். போனில் கதைத்தால் நீங்கள் கத்துகிறீர்கள், நானும் கத்துகிறேன். அதனால் எழுதுகிறேன்.

நேற்று வழுக்கையாற்றங்கரைப் பறவைகள் சரணாலயத்துக்குப் போனேன். எங்கள் பள்ளக்காணிக்கு அடுத்த வேலிதான். பலகைப் பாலம் போட்டிருக்கிறார்கள், ஞாயிறென்றால் பட்டணத்துச் சனம் முழுக்க அங்கேதான். நாரைகளோ வேலி பார்ப்பதில்லை, பாதி எங்கள் காணியில் மேய்கின்றன. கூட வந்த கீழ்வீட்டுச் செல்வநாயகி சொன்னாள்: "உங்கடை காணி மழைத்தண்ணியை வாங்காட்டி, கார்த்திகையிலை நான் அடுப்படிக்குள்ளை மீன் பிடிச்சிருப்பனடி!"

காணியைத் தங்களோடு சேர்க்கச் சரணாலயத்தார் கேட்கிறார்கள். நான் ஓம் என்றுவிட்டேன்.

அன்புத் தங்கை,
உதயகலா

லண்டன்,
25.01.2026

தங்கச்சிக்கு,

உனக்கென்ன விசரே? கொக்குக்குக் காணி எழுதுகிறவளை இப்போதுதான் பார்க்கிறேன். மண் போட்டு நிரவ டிப்பர்காரனிடம் சொல்லியாயிற்று. பங்குனியில் மதில், ஆடியில் நான் வந்து வீட்டுக்கு அத்திவாரம். ஆண்பிள்ளை நான் இருக்க ஓம் சொல்ல நீ யார்? ஊர்ச்சனம் என்னைப் பற்றி என்ன கதைக்கும்? காணிப் பத்திரம் எழுத நொத்தாரிசுவிடம் போகாதே.

வாகீசன்

நவாலி,
16.02.2026

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் மண் இன்று காலை டிப்பரில் வந்தது. நான் வேலிப் படலைக்குக் குறுக்கே நின்றேன்.

"அக்கா, விலகுங்கோ. லண்டன் ஐயா சொன்னவர்."

"காணி உறுதி ஆருடைய பேரிலை எண்டு உங்கடை ஐயாவையே கேளும்!"

டிப்பர்காரன் உங்களுக்குப் போன் எடுத்தான். நீங்கள் என்ன சொன்னீர்களோ, மண்ணோடு திரும்பிப் போய்விட்டான்.

அது சீதனக் காணி, அண்ணை. அம்மம்மா அம்மாவுக்குக் கொடுத்தது, அம்மா எனக்குக் கொடுத்தது. பெண்பிள்ளைக்குப் போன காணியில் ஆண்பிள்ளைக்கு என்ன பேச்சு? என் சீதன உறுதிக்குச் சாட்சிக் கையெழுத்து வைத்ததே நீங்கள்தானே! நான் யாரென்று கேட்டது எனக்குச் சுட்டது. எனக்கு உங்களில் நல்ல கோபம்.

பின்னேரம் நொத்தாரிசுவிடம் போய்க் காணியை எழுதிக் கொடுத்தேன். புருஷனின் சம்மதமும் வேண்டுமாம், இவரும் கையெழுத்து வைத்தார். முடிந்தது. இனி நீங்களும் மாற்றேலாது, நானும் மாற்றேலாது.

ஆடியில் கட்டாயம் வாருங்கள். என் வீட்டில் உங்களுக்குச் சோறும் கணவாய்க் கறியும் இருக்கும். காணியைப் பார்க்க ஆசையென்றால் வாசலில் நுழைவுச்சீட்டு எடுக்க வேண்டும். எனக்கு உள்ளூர்க் கட்டணம். உங்களுக்கு வெளிநாட்டார் கட்டணம்.

இப்படிக்கு,
உதயகலா