பிறக்காத பேரனுக்காக ஒரு வேண்டுதல்

கார்வேட்டிநகரம்,
10-8-1958

கரக்பூரில் இருக்கும் செல்வ மகள் அலர்மேல்மங்கைக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே உன் நைனாவும் மாடு கன்றுகளும் சுகம். நான் சுகமா இல்லையா என்பது கீழே வருகிறது. உன் சுகமும் மாப்பிள்ளை சுகமும் வயிற்றிலிருக்கும் ஐந்து மாதத்தின் சுகமும் எழுது. இதைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

உன் நைனாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. நம் ஊர் ஆந்திராவுக்கா மதராஸுக்கா என்று தினம் புத்தூரில் கூட்டம். தாலுகா நழுவிப் போய்விடும் என்று அவருக்குக் கவலை, பெண்டாட்டிக்குக் கர்ப்பப்பை இறங்கி மூன்று வருஷமானது மட்டும் தெரியாது. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், நீயும் பெண்தானே. ஆறு பெற்று, ஒவ்வொரு தடவையும் பதினைந்தாம் நாளே நாற்று நடப் போனதன் பலன் என்றாள் திருப்பதி லேடி டாக்டர். அங்கே எப்படிப் போனேன் என்று கேள். ஆஸ்பத்திரி என்று வாயெடுத்ததுமே நைனா, "இந்த வயசுல உனுக்கு இன்னாடி ஆஸ்பத்திரி, சுக்குத் தண்ணி குடி" என்றார். மறுநாள், "பொண்ணுக்கு ஆம்பளப் புள்ள பொறக்க மூணு சனிக்கெழம பெருமாளப் பாக்கறதா வேண்டிக்கினேன்" என்றேன். மனுஷர் தானே வண்டி கட்டி என்னைக் கொண்டுபோய் பஸ் ஏற்றிவிட்டார்! பொய் நிற்கவேண்டுமே என்று மலைக்கும் போய் மொட்டை போட்டு வந்தேன். என் தலையைப் பார்த்து கோவிந்தா கோவிந்தா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். பெண் பிறந்தால் அவரே பெருமாளிடம் சண்டை போட்டுக்கொள்ளட்டும்.

மூன்று சனிக்கிழமையும் தீர்ந்துவிட்டது. ஆபரேஷன் செய்யவேண்டும், பத்து நாள் படுக்கவேண்டும் என்கிறாள் டாக்டரம்மா. பக்கத்து வீட்டுச் சென்னம்மா இதே நோவை மறைத்து மறைத்து, சீழ் பிடித்து மாசியில் போய்ச் சேர்ந்தாள். எனக்குப் பயமாக இருக்கிறதடி. ஆஸ்பத்திரியில் கூட இருக்க உன் அத்தை செங்கம்மா வருகிறாள். நைனாவிடம் சொல்லத்தான் பொய் இல்லை, அதை நீ தரவேண்டும். பெருமாள் உன் கனவில் வந்து, அம்மா பத்து நாள் திருப்பதியில் தங்கிச் சேவிக்கவேண்டும் என்றதாக அவருக்கு ஒரு கார்டு போடு. மாப்பிள்ளையும் கையெழுத்துப் போடட்டும், இல்லாவிட்டால் பொம்பளைப் பேச்சு என்பார்.

பிள்ளை பெற்றபின் நாற்பது நாள் குடம் தூக்காதே, யார் முகம் சுளித்தாலும் சரி. பதினாறும் பெற்று என்று வாழ்த்தமாட்டேன், பெற்றவளுக்குத் தெரியும். இரண்டு போதும், திடமாக இரு.

கார்டில் மறந்தும் என் உடம்பைப் பற்றி எழுதிவிடாதே. எனக்காகக் கேட்டால் ஒரு நாள்கூட விடமாட்டார். பிறக்காத பேரனுக்காகக் கேள், பத்து நாளும் விடுவார்.

இப்படிக்கு,
உன் மொட்டை அம்மா
தாட்சாயணி