பச்சை குத்தாத கை

1998 மார்ச் 3, செவ்வாய்

வேலை போயிற்று. நான்கு வருடம் அந்தத் துணிக்கடையில் நின்றேன். நிஜமாகவே நின்றேன், விற்கிற பெண்கள் உட்காரக்கூடாது என்பது அங்கே சட்டம். இன்று உட்கார்ந்தது நான் இல்லை, ஜெபமலர். சூப்பர்வைசர் பகவதிப்பெருமாள் பார்த்துச் சத்தம் போட்டதும், "ஒமக்கு நாற்காலி இருக்கு சாரே, எங்களுக்கு இருக்கது காலு இல்லியா?" என்று கேட்டுவிட்டு மாடிக்கு ஓடிவிட்டாள். அவர் துரத்திவந்து பிடித்தது என்னை. நாங்கள் இரட்டைப் பிள்ளைகள், ஒரே முகம், ஒரே யூனிஃபாம் சேலை. நான் இல்லை என்று அழுதேன். ஜெபமலர் மாடிப்படியில் நின்று பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை.

மார்ச் 4

"எனக்க கல்யாணம் கழியட்டும் எலிசா, பிறவு நானே சார்ட்ட சொல்லுதேன். அதுவரை அம்மைட்ட ஒண்ணும் பறயாதே" என்கிறாள் ஜெபமலர். மாப்பிள்ளை பினு வீட்டில் வேலையுள்ள பெண்தான் வேண்டுமாம். அப்போ நான் மட்டும் சும்மா கிடக்கவா? பெயரில்கூட நல்லது அவளுக்குத்தான், எலிசாள் எனக்கு.

வாய்க்கொழுப்பில் வேலையைத் தொலைத்தவள் என்று அம்மா இரண்டு நாளாக என்னைத் திட்டுகிறாள்.

மார்ச் 6

பழவங்காடியில் சொரிமுத்து என்று ஒரு திருநெல்வேலிக்காரர் பச்சை குத்துகிறார். சின்ன மிஷின், பாட்டரி, படங்கள் ஒட்டிய அட்டை. தேளும் இருக்கிறது, சிலுவையும் இருக்கிறது. முழங்கைக்குக் கீழே, எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் குத்திக்கொள்ளலாமா? அப்புறம் அவள் செய்ததற்கு எவன் என்னைப் பிடிப்பான் பார்க்கிறேன்.

மார்ச் 8, ஞாயிறு

அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன்.

"பச்சை குத்தினா போதகரு திருவிருந்து தருவாரா? ஒன்னை எவன்டீ கெட்டுவான்?"

ஜெபமலர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பயந்துவிட்டாள். பயப்படட்டும்.

மார்ச் 11

போனேன். சிலுவைதான் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். சொரிமுத்து பேனாவால் கையில் வரைந்தார், மிஷினும் இரைய ஆரம்பித்தது. அப்போதுதான் தோன்றியது — இதைக் குத்திக்கொண்டால் நான் நானாக மட்டும்தானே இருக்கமுடியும்? அவளாக ஒரே ஒரு நாள் இருந்தால் போதுமே எனக்கு!

"அண்ணாச்சி, வேண்டாம்" என்றேன்.

"பயமா இருக்காம்மா?"

சிரித்துவிட்டு எச்சில் தொட்டு மையை அழித்தேன். மாதக்கணக்கில் சிரிக்காதவள் பஸ்ஸில் வீடுவரை சிரித்துக்கொண்டே வந்தேன்.

மார்ச் 17, செவ்வாய்

செய்தாயிற்று.

கடைக்குத் திருப்பிக் கொடுக்காத யூனிஃபாம் சேலையைக் கட்டிக்கொண்டு கரமனைக்குப் போனேன். பினுவின் அக்கா விஜயம் அங்கே தையல்கடை வைத்திருக்கிறாள். எங்கள் இரண்டு பேரையும் பார்த்தவள்தான், எனக்கு வேலை போனதும் தெரியும். சேலையைப் பார்த்தாள், "வா ஜெபா" என்றாள்.

"சேச்சி, எனக்கு இந்தக் கல்யாணத்துல இஷ்டம் இல்ல. அம்மை பலவந்தம் பண்ணுது."

"அய்யோ கொச்சே! ஞாயிறாழ்ச்ச சபையில ஒங்க கல்யாண ஓலை வாசிக்கப்போறாங்களே."

"அதுக்கு முன்னே நிறுத்திருங்க."

கொஞ்சம் அழுதும் காட்டினேன்.

மார்ச் 22, ஞாயிறு

இரண்டு ஜோடிகளின் கல்யாண ஓலை வாசித்தார்கள். பினு-ஜெபமலர் இல்லை. அம்மா எழுந்து நின்றே விட்டாள். நான் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். எவ்வளவு நன்றாக இருந்தது!

மார்ச் 23

விஜயம் வந்து அம்மாவிடம் எல்லாம் சொல்லிவிட்டுப் போனாள். ஜெபமலர் அலறுவாள், என்னைக் காட்டிக்கொடுப்பாள் என்று தயாராக இருந்தேன். என்ன பதில் சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"ஆமா, நான்தான் போய்ச் சொன்னேன்" என்றாள்.

அம்மா துடைப்பத்தால் அடித்தாள். செய்யாததை ஏன் ஒத்துக்கொண்டாள்? எலிசா செய்தாள் என்றால், ஏன் செய்தாள் என்று அம்மா கேட்பாள், கடை விஷயம் வெளியே வரும் என்றா? அதுவா, வேறேதுமா? இவ்வளவு நாள் மூடியிருந்த வாயை இப்போது மட்டும் எதற்குத் திறந்தாள்?

மார்ச் 24

தூக்கம் இல்லை.

மார்ச் 27, வெள்ளி

சாயங்காலம் ஜெபமலர் வலது கையைத் தூக்கிப் பிடித்தபடி வந்தாள். முழங்கைக்குக் கீழே சிலுவை. சுற்றிலும் சிவந்து வீங்கியிருந்தது. அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

நான் தேங்காயெண்ணெய் எடுத்துக்கொண்டு போனேன். வாங்கிக்கொண்டாள். தானே தடவிக்கொண்டாள்.

"அன்னைக்கு உக்காந்தது நாந்தான்னு சார்ட்ட சொல்லியாச்சு, இந்தக் கையையும் காட்டியாச்சு. என்னை வேலையில இருந்து நிறுத்தியாச்சு. திங்களாழ்ச்ச நீ போ."

"ஜெபா..."

"இனி எனக்க தப்புக்கு ஒன்னைப் பிடிக்கமாட்டாங்க. நீயும் நான்னு சொல்லிட்டு எங்கயும் போவமுடியாது."

வேணும் அவளுக்கு என்று எழுதத்தான் இந்த நோட்டை எடுத்தேன். எழுத வரவில்லை.

மார்ச் 30, திங்கள்

கடைக்குப் போனேன். பகவதிப்பெருமாள் வாசலிலேயே நிறுத்தி, இரண்டு கைகளையும் நீட்டச் சொன்னார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பச்சை ஒன்றும் இல்லை. "நீ நல்லவ, உள்ளே போ" என்றார்.