மணியின் பழைய பெயர்

சனிக்கிழமை இரவு. குளக்கரைப் பூங்கா, கூடாரத்துக்குள்.

தூக்கம் வரவில்லை. இன்று ஒரு பொய் சொல்லிவிட்டேன்.

நாய் வளர்ப்பவர்களுக்கான முகாம் இது. மாலையில் எல்லோரும் நாய்களைக் கரையோரம் அவிழ்த்துவிட்டிருந்தோம். பக்கத்துக் கூடாரத்து அம்மா எங்கள் நாயைப் பார்த்து, "ஜிம்மி!" என்று ஒரே ஒரு முறை கூப்பிட்டார். எங்கள் மணி என் கையிலிருந்த பிஸ்கட்டையும் விட்டுவிட்டு ஓடிப்போய் அவர் மேல் தாவி முகத்தை நக்கினான்.

"ஏனுங்க, இது எங்க ஜிம்மிங்க. மூணு வருசமாத் தேடறோமுங்க. உங்களுக்கு எங்கீங்க கெடைச்சான்?" என்று கேட்டார்.

பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு கடை வாசலில், மழையில் நனைந்து நின்றவனை நாங்கள்தான் தூக்கி வந்தோம். கழுத்துப்பட்டை இருந்தது. இருந்தும் யாரையும் விசாரிக்கவில்லை.

"குட்டியிலிருந்தே எங்ககிட்டத்தான் இருக்கறானுங்க," என்றேன்.

அவர் மணியின் இடது காதை மடித்துப் பார்த்தார். உள்ளே பழைய தழும்பு ஒன்று உண்டு. அதை விரலால் தொட்டார். "நல்லாப் பாத்துக்குங்க அம்மணி," என்று சொல்லிவிட்டுப் போனார்.

படுக்கும்போது என் கணவர் கேட்டார்: "உன்னை உட்டுப்போட்டுப் போயிருவான்னு பயந்துட்டியா?"

மணி கூடார வாசலில் மூக்கை வைத்துக்கொண்டு முனகுகிறான். எங்கள் வீட்டில் ஒருநாளும் அவன் இப்படி முனகியதில்லை. பக்கத்துக் கூடாரத்தில் இன்னும் விளக்கு எரிகிறது.

கூடாரத்தின் ஜிப்பைத் திறக்கப் போகிறேன். நானும் கூடப் போக வேண்டும். சொல்ல வேண்டிய முதல் வார்த்தைதான் இன்னும் கிடைக்கவில்லை. மணி எழுந்து நின்றுவிட்டான்.