மற்றும் பதினொருவர்

அக்கா,

அனுப்புமுன் பார்த்துத் தரும்படி இன்று காலை என் மேசைக்கு வந்த முறைப்பாட்டுக் கடிதம் ஈரமாக இருந்தது. இறால் பண்ணையில் நாட்கூலிக்கு நிற்கும் ஒருவர் அதை இடுப்புச் சாரத்தின் மடிப்பில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். விரித்தபோது களப்பு நீரின் உப்பு வாடை எழுந்தது. முப்பது வருடங்களுக்கு மேலாக இந்தக் கரையில் வாழ்கிறேன். அந்த வாடை எனக்குப் புதிதல்ல. என்னை நிறுத்தியது கடிதத்தின் முதல் வரி. யாரோ படித்தவர் அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார்: 'நானும் மற்றும் ஒன்பது பேரும்.'

நீங்கள் மறைந்த செய்தியை உங்கள் மகள் தொலைபேசியில் சொல்லி ஒரு மாதமாகிறது. அன்று எழுதியிருக்க வேண்டிய மடல் இது. அந்த ஒரு வரியைக் காணும்வரை எனக்குத் துணிவு வரவில்லை.

யுத்தம் முடிந்து சில வருடங்களில், மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பதினொரு பேரைக் கூட்டிக்கொண்டு இந்தக் கரையில் குறிஞ்சிப்பிட்டிப் பக்கத்து உப்பளத்திற்கு வந்தீர்கள். பாத்திகளில் நின்று உப்பு வாரும் வேலை. வெடித்த பாதங்களுக்குச் சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றியிருந்தீர்கள். நாற்பத்தொரு நாள் வேலை வாங்கிவிட்டு, முதலாளி ஒரு சதமும் கொடுக்கவில்லை. தில்லையடியில் காசு வாங்காமல் கடிதம் எழுதிக் கொடுக்கும் ஒரு வாத்தியார் இருக்கிறார் என்று யாரோ சொல்ல, பன்னிரண்டு பேரும் என் வீட்டு முன்னறையில் வந்து நின்றீர்கள். கதிரைகள் இருந்தும் எவரும் உட்காரவில்லை.

நான் எழுதத் தொடங்கினேன். உங்கள் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் கேட்டு எழுதியபின், 'மற்றும் பதினொருவர்' என்று முடித்தேன்.

"மத்தவங்க பேரெல்லாம் எழுத வேணாமா சேர்?" என்று கேட்டீர்கள்.

"தேவையில்ல அக்கா. உங்கட பேர் போதும். சட்டத்துக்கு அது காணும்."

"தோட்டத்துல காலையில பெரட்டுல நிப்பாட்டி, ஒவ்வொருத்தர் பேரா கூப்புட்டுத்தான் வேலைக்கு அனுப்புவாங்க சேர். பேர் பதியலேன்னா அன்னைக்குச் சம்பளம் இல்ல. இங்க மேற்பார்வைக்காரன் என் பேரை மட்டும் எழுதிக்கிட்டு, மத்தவங்க தலைய எண்ணுறான். தேங்கா எண்ணுற மாதிரி."

"தேங்கான்னா காசு ஒடனே குடுத்திருப்பாங்க" என்றார் பின்னால் நின்ற ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

"விடுங்கக்கா, பதினோரு பேரு எழுதினா சேருக்குக் கை வலிக்கும்" என்றார் இன்னொருவர். நானும் சிரித்தேன். பேனாவை மூடிவிட்டேன்.

யுத்த காலத்தில் மற்ற முஸ்லிம் குடும்பங்களோடு வடக்கிலிருந்து விரட்டப்பட்டு இங்கே வந்தவன் நான். எங்கள் நிவாரண அட்டையில் வாப்பாவின் பெயர் மட்டும் இருந்தது. பக்கத்தில் ஏழு என்ற இலக்கம். அந்த ஏழில் ஒருவனாக வரிசையில் நின்று அரிசி வாங்கியவன், பல்கலைக்கழகம் வரை படித்தவன், உங்களிடம் அதையே செய்தேன். சட்டத்துக்குக் காணும் என்று நான் சொன்னது அறியாமையால் அல்ல. சட்டம் என்ன கேட்கும் என்று எனக்குத் தெரியும். பதினொரு பேரிடமும் தனித்தனியே கேட்டு எழுத ஒரு மணித்தியாலம் பிடிக்கும். அந்த ஒரு மணித்தியாலத்திற்கு அவர்கள் பெறுமதியானவர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. இதைவிட நாகரிகமாக இதைச் சொல்லும் வழிகள் எனக்குத் தெரியும். அவற்றை நான் எழுதப் போவதில்லை.

தொழிலாளர் முறைப்பாடுகளைக் கேட்கும் தொழில் கந்தோரில், உங்களை மட்டும் அழைத்து விசாரணை நடந்த அன்று, முதலாளிக்காக வந்த முகாமையாளர் என் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பணிவாகப் பேசினார். "இந்த அம்மாட சம்பளம் தாறதுக்கு நாங்க ஆயத்தம். மத்தப் பதினொரு பேரும் ஆரு? எங்கட புத்தகத்திலயும் இல்ல, சேர் எழுதின கடிதத்திலயும் இல்லயே."

அவரை இன்றும் வெறுக்கிறேன். ஆனால் அந்த வெறுப்பில் எனக்கு ஒதுங்க இடமில்லை. பெயரை மறைத்துக் கூலியை விழுங்கும் தந்திரத்தை அவர்கள் தங்கள் புத்தகத்தில் பாதிதான் செய்திருந்தார்கள். மீதியை நான் என் தாளில் செய்து கொடுத்திருந்தேன்.

அதிகாரி நேர்மையானவர். ஒவ்வொருவரும் நேரில் வந்து முறைப்பாட்டில் கையொப்பமிட வேண்டும் என்று மூன்று வாரம் தள்ளித் திகதி கொடுத்தார். அதற்குள் மழை தொடங்கி உப்பளம் மூடப்பட்டது; எல்லோரும் தோட்டத்துக்குத் திரும்பிவிட்டார்கள். பஸ்ஸுக்குக் காசில்லாதவர்கள் மலையிலிருந்து திரும்பி வரவில்லை. கோப்பு மூடப்பட்டது.

உங்களுக்குக் கிடைத்த சம்பளத்தைப் பன்னிரண்டாகப் பங்கிட்டீர்கள் என்று உங்கள் மகள் சொன்னார். அதற்குப் பிறகு நடந்ததையும் சொன்னார். எல்லாருக்கும் வந்த காசை நீங்கள் வைத்துக்கொண்டு, கிள்ளிக் கொடுத்ததாகத் தோட்டத்து லயத்து வீடுகளில் பேச்சு எழுந்ததாம். "ஒனக்கு மட்டும் எப்புடிக் குடுத்தான்?" என்று வாசலில் வந்து கேட்டார்களாம். அதன்பின் எவரும் உங்களோடு வேலைக்கு வரவில்லை. கடைசிவரை அந்தப் பேச்சு ஓயவில்லை.

"உண்மையைச் சொல்லியிருக்கலாமே" என்றேன் உங்கள் மகளிடம்.

"சொல்லச் சொன்னேன் சேர். 'காசு வாங்காம எழுதிக் குடுத்த மனுசன், அவர் பேரை இதுல இழுக்காத'ன்னுட்டாங்க அம்மா."

என் பெயரை நீங்கள் காப்பாற்றினீர்கள். அந்த வருடங்களில் நான் உங்கள் வழக்கை, சம்பளம் மீட்ட வழக்கு என்று கூட்டங்களில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இன்று காலை வந்த கடிதத்தை அப்படியே அனுப்ப விடவில்லை. ஒன்பது பேரும் நாளை வருகிறார்கள். உட்கார வைத்துக் கேட்டு எழுதுவேன். உங்கள் லயத்திற்கும் கடிதம் அனுப்புகிறேன். பிழை யாருடையது என்று அதில் இருக்கிறது, என் கையொப்பத்தோடு. பதினொருவரையும் பெயர் சொல்லி விளிக்க வேண்டும்; அதில்தான் தடுக்கிறது.

விசாரணை முடிந்து கந்தோர் விறாந்தையில் நின்றபோது, "இப்பவாச்சும் கேட்டுக்குங்க சேர்" என்று பெயர்களைச் சொன்னீர்கள். நான் எழுதவில்லை, ஆனால் நினைவில் நின்றுவிட்டன. உங்கள் பெயர் கோப்பில் இருக்கிறது. மற்றவை இவை: முத்துலெட்சுமி, பாக்கியம், சரோஜா, காளிமுத்து, ராசம்மா, தெய்வானை, மாரியாயி, செல்லையா, புவனேஸ்வரி, சிவகாமி.

பத்துதான். பதினொன்றாவது பெயரை நீங்கள் சொன்னபோது, பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் மகளுக்கும் அது தெரியவில்லை.