ரஃபத் டீச்சர் தும்மாத வாரம்

ஆம்பூர்
புரட்டாசி, ஞாயிறு காலை

அன்பு மகள் பூங்குழலிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். அங்கே உன் சுகத்தில் முதலில் உன் மூச்சைத்தான் விசாரிக்கிறேன், மற்றதெல்லாம் பிறகு. தினமும் போனில் பேசுகிறவர் எதற்குக் காகிதம் எடுத்தார் என்று நினைப்பாய். நேற்று ராத்திரி போனில் சொல்லிப் பார்த்தேன், முடியவில்லை. "அப்பா" என்று நீ ஆரம்பித்ததும் சொல்ல வந்ததை விட்டுவிட்டு, "சாப்பிட்டியாம்மா" என்று வேறெதையோ கேட்டு வைத்தேன். அதனால் எழுதி, அம்மாவை விட்டுப் படம் எடுத்து அனுப்பச் சொல்லப்போகிறேன். விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "இங்கே மகரந்தம் கம்மி, தைரியமாக வா" என்று போன வாரம் நான் அனுப்பிய செய்தியை நம்பி டிக்கெட் எடுத்துவிடாதே. அது தப்பு. எப்படித் தப்பானது என்று கேட்டால் நீயே சிரிப்பாய்.

நீ நர்ஸாக இருக்கிற லீட்ஸில் மழை, வெயில் சொல்வதோடு இன்று புல் மகரந்தம் அதிகம் என்பதையும் சொல்லிவிடுகிறார்கள், அதைப் பார்த்து மாத்திரை போட்டுக்கொண்டுதான் டியூட்டிக்குப் போகிறேன் என்று நீ சொன்னபோது மனசுக்கு ஆறுதலாக இருந்தது. அதேபோல் ஆம்பூருக்கும் நம்பத்தகுந்த ஒன்றைக் கண்டுபிடியுங்கள், அதைப் பார்த்துவிட்டுத் தீபாவளிக்கு வரலாமா என்று முடிவு செய்கிறேன் என்றாய். போன தடவை இதே மழைக்காலத்தில் வந்து, பாலாற்றுப் பக்கம் நடந்துவிட்டு வந்த அன்றே மூச்சு இழுத்து, வேலூரில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மாஸ்க்கோடு உன் லீவு முழுவதும் போனது. சோதனையில் பார்த்தீனியம் என்று தெரிந்தது. சாமந்தி இலை போல இலையும் வெள்ளைப் பொடிப்பூவுமாக எங்கே பார்த்தாலும் நிற்கிற அந்தச் செடி. அதுவரை நாங்கள் உன் தும்மலுக்கெல்லாம் தோல் பதனிடும் ஷாப்பு நாற்றத்தைத்தான் திட்டிக்கொண்டிருந்தோம்.

நீ கேட்டதும் போனில் இரண்டு ஆப் இறக்கினேன். ஒரே காலையில் ஒன்று ஆம்பூருக்குக் "குறைவு" என்றது, மற்றது "மிக அதிகம்" என்றது. அம்மாவின் சர்க்கரைக்காக வேலூர் போனபோது உன்னைப் பார்த்த மூச்சு டாக்டரிடமே போய்க் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "உங்க ஊர்ல மகரந்தத்தை எண்ணிப் பார்க்கிற மெஷின் இருக்கிறதா எனக்குத் தெரியல சார். ஆப்ல வர்றது காத்தையும் மழையையும் மேப்பையும் வெச்சுப் போடுற கணக்கு. அதையும் பாருங்க, ஆனா உங்க தெருவுல என்ன பூத்திருக்கு, யாருக்கு மூச்சு வாங்குதுன்னும் பாருங்க" என்றார். எனக்குப் புரிந்தது. உன் விடைத்தாளைத் திறக்காமல் பக்கத்துப் பள்ளிக்கூடத்துச் சராசரியை வைத்து உனக்கு மார்க் போடுவது போல. சில சமயம் சரியாகக்கூட அமைந்துவிடும், ஆனால் அதை நம்பி உன்னை மேல் வகுப்புக்கு அனுப்ப முடியுமா?

பக்கத்து வீட்டு ரஃபத் ஜஹான் டீச்சரை உனக்கு நினைவிருக்கும், என் பள்ளியிலேயே உருது எடுத்தவர். அவருக்கும் உனக்கு இருக்கிற அதே ஒவ்வாமை. செடி பூத்துவிட்டால் காலையில் வாசலுக்கு வந்ததுமே தும்மல்தான். ஒவ்வொரு தும்மலுக்கும் அவர் "அல்ஹம்துலில்லாஹ்" என்று இறைவனைப் புகழ்வார், மதிலுக்கு இந்தப் பக்கம் பேப்பர் படிக்கிற நான் "நூறு" என்பேன், அடுத்ததற்கு "இருநூறு". சின்ன வயதில் நீ தும்மும்போது அம்மா உன் உச்சந்தலையைத் தொட்டுச் சொல்வாளே, அதுதான். "நூறு வயசு வரிக்கும் இந்த மூக்க வெச்சிக்கினு நான் இன்னா சார் பண்றது, கம்மி பண்ணிக் குடுங்க" என்பார் அவர். டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது, ஆம்பூரில் இதைவிட நல்ல கருவி எங்கே தேடுவது? அவரிடமே சொன்னேன். "ஓ, என் மூக்க வெச்சி பொண்ணுக்கு ரிப்போர்ட் அனுப்பறீங்களா? அப்ப வாடகையா ஸ்வீட் குடுங்க, ஆற்காட்டு மக்கன் பேடாவா இருக்கட்டும்" என்றார். அன்றிலிருந்து உனக்கு நான் சொன்ன நிலவரமெல்லாம் அந்த மூக்கு சொன்னதுதான். சும்மாவும் இருக்கவில்லை. எதிரே காலி மனையில் இருந்த செடிகளைப் பூ விடும் முன்பே மாஸ்க்கும் ரப்பர் கையுறையும் போட்டுக்கொண்டு வேரோடு பிடுங்கினேன். டீச்சர் மாடி ஜன்னல் கண்ணாடியைத் தட்டித் தட்டி, "அந்த மூலைல ஒண்ணு வுட்டுட்டீங்க சார், ஃபெயில்!" என்று மேற்பார்வை செய்தார்.

போன வாரம் திடீரென்று தும்மல் நின்றுபோனது. ஒரு நாள் இல்லை, மறுநாளும் இல்லை, வாரம் பாதி ஓடியும் இல்லை. "பார்த்தீங்களா, நீங்க புடுங்கினதுல சுத்தமா அடங்கிப்போச்சி. புள்ளைக்குச் சொல்லுங்க" என்று அம்மா சொல்லி முடிப்பதற்குள் உனக்குச் செய்தி போய்விட்டது. அன்று மத்தியானமே உன் மெத்தை மாடி வெயிலுக்கு ஏறிப் புது உறையோடு இறங்கியது, அதிரசத்துக்கு வெல்லம் வந்தது, நான் உன் அறை மின்விசிறியைத் துடைத்தேன். உன்னை விமான நிலையத்திலிருந்து அழைத்து வர எந்த வண்டி என்று எங்களுக்குள் ஒரு சண்டையும் நடந்தது. நேற்று சாயங்காலம் பக்கத்து வீட்டு வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. கையில் பையோடு ரஃபத் டீச்சர் இறங்கினார். வாணியம்பாடியில் தங்கை சைரா வீட்டில் விசேஷமாம், ஒரு வாரம் அங்கேதான் இருந்திருக்கிறார். கேட்டைத் திறப்பதற்குள் தும்மல் ஆரம்பித்து, எனக்கு நூறு சொல்லக்கூட இடம் கொடுக்கவில்லை. "எங்க போயிட்டீங்க டீச்சர்?" என்று நான் கொஞ்சம் கோபமாகவே கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. "இன்னா சார், மெஷினுக்கு லீவு கிடையாதா?" என்று சிரித்தவர், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். நான் விஷயத்தைச் சொன்னேன். "வர வேணாம்னு சொல்லிடுங்க சார். எனக்கு மூக்கோட போறது அந்தப் பொண்ணுக்கு நெஞ்சுல எறங்கிடும்" என்றார்.

வகுப்பில் சத்தமில்லை என்றால் எல்லாரும் படிக்கிறார்கள் என்று அர்த்தமில்லை, எல்லாரும் வெளியே போயிருக்கலாம், எட்டிப் பாருங்கள் என்று எத்தனை புது ஆசிரியர்களுக்குச் சொல்லியிருப்பேன். நான் எட்டிப் பார்க்கவில்லை. டீச்சரின் மருமகள் வழக்கம்போல் வாசல் பெருக்கினாள், அதனால் சந்தேகம் வரவில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். சந்தேகப்பட எனக்கு மனம் வரவில்லை என்பதுதான் சரி. இன்று விடிந்ததும் பாலாற்றுப் பக்கம் போனேன். நான் பிடுங்கியது ஒரு மனை. ஆற்றுப் படுகை முழுக்க அந்தச் செடி வெள்ளையாகப் பூத்திருக்கிறது.

வந்து சொன்னதும் அம்மா, "ஜாஸ்தின்னு எழுதாதீங்க. கம்மின்னே இருக்கட்டும். வந்துட்டா கதவு ஜன்னல சாத்தி வெச்சி நான் பார்த்துக்கறேன்" என்றாள். எனக்கும் அந்த ஆசை இல்லாமல் இல்லை. இந்தக் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருந்தேன். அவளே திரும்பி வந்து, "ராத்திரி பகலா புள்ள மூச்சுக்குத் தவிச்சத நான்தானே பக்கத்துல உக்காந்து பார்த்தேன். எழுதுங்க" என்று சொல்லிவிட்டு மெத்தைக்குப் பழைய உறையை மாட்டப் போய்விட்டாள்.

ஆகவே குழலி, இந்தத் தீபாவளிக்கு வராதே. கெஞ்சிக் கூத்தாடித் தோழிகளிடம் டியூட்டி மாற்றிப் பெற்ற லீவு என்று தெரியும். அதை அவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுப் பங்குனி, சித்திரையில் கேள். அப்போது அந்தச் செடி பெரும்பாலும் காய்ந்துவிடும், வெயில்தான் கொளுத்தும், வெயிலுக்கு அம்மாவின் நீர்மோர் இருக்கிறது. அப்போதும் ஆற்றுப்பக்கம் போய்ப் பார்த்து, டாக்டரிடம் கேட்டு, டீச்சர் ஊரில் இருக்கிறாரா என்று கதவைத் தட்டி உறுதி செய்த பிறகுதான் வா என்பேன். அங்கே மகரந்த சீசன் முடிந்தது என்று மூச்சுக்கு அடிக்கிற பம்ப்பை டிராயரில் போட்டுவிடாதே, குளிர் காற்றில் போகும்போது மூக்கு வாயை மூடிக்கொள். நர்ஸுக்கே பாடம் எடுக்கிறார் என்று சிரிப்பாய், சிரி, அந்தச் சத்தம் கேட்டு நாளாகிறது.

காலையிலிருந்து ஒன்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன். டியூட்டியில் தும்மினால் அங்கே பக்கத்தில் இருப்பவர்கள் ஏதோ வாழ்த்துவார்கள் என்றாய். அறையில் தனியாக இருக்கும்போது தும்மினால் யார் சொல்வார்கள்? ஆற்றிலிருந்து திரும்பி வந்து உட்கார்ந்தபோது டீச்சரின் முதல் தும்மல் கேட்டது. நூறு என்றேன். கூடவே இருநூறும் சொன்னேன். "ஒரு தும்மல்தானே சார், இன்னொரு நூறு யாருக்கு?" என்றார். "லீட்ஸுக்கு" என்றேன். அவர் நாற்காலியை மதிலருகே இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. பிறகு, "அப்ப இன்னும் சத்தமா சொல்லுங்க சார், தூரம் ஜாஸ்தி" என்றார்.

சத்தமாகச் சொன்னேன். உள்ளேயிருந்து அம்மாவும் சொன்னாள். நீ நூறு வருஷம் நல்ல மூச்சோடு இருக்க வேண்டும். டிக்கெட் எடுக்கவில்லை என்று ஒரு வரி போட்டுவிடு, போனில் வேண்டாம், எழுதியே அனுப்பு.

இன்றைய ஆம்பூர் நிலவரம்: ஜாஸ்தி.

உன் அப்பா,
சுப்பராயன்