மூன்றாம் பக்கச் சேலை

புதன்
காலை வெயில். துறைமுகத்தில் ஒரு கப்பல், நேற்று நின்ற இடத்திலேயே, யாரோ வரைந்து மறந்ததுபோல.

செய்ய வேண்டியவை: கயிறு. ஆணி. இராணுவ முகாம் அனுமதி. ரம்சியா.

கண்காட்சி அழைப்பிதழ் அச்சாகி வந்தது. ‘பெண்கள்: பிரிவும் இணைவும்’. பேச்சாளர்கள் ஐவர், ஐவரும் ஆண்கள். தேநீர்: மகளிர்.

எங்கள் படைப்பு எளிது. சோதனைச் சாவடியில் பெண்களைத் தடவிப் பார்க்கும் சேலை மறைப்பு போல ஒன்று. வாசல் திறந்திருக்கும். மற்ற மூன்று பக்கமும் பழஞ்சேலைகள்: என்னுடையது, தோழி சந்திராவுடையது, அக்கரையில் கிண்ணியாவிலிருக்கும் ரம்சியாவுடையது. உள்ளே யாரும் யாரையும் சோதிக்கமாட்டார்கள். ஒரு பாய், கொஞ்சம் காற்று. அவ்வளவே.

வியாழன்
முகாமில் படிவம். ‘நோக்கம்’ என்ற கட்டத்தில் எதை எழுதுவது? ஒற்றுமை என்றால் சந்தேகப்படுவார்கள். சந்திரா சிங்களத்தில் நிரப்பினாள்.

“என்ன எழுதினனீ?”

“வீட்டு அலங்காரம் எண்டு, அக்கா. அதுக்கு ஆரும் பயப்படமாட்டாங்க.”

அனுமதி கிடைத்தது.

ரம்சியாவிடமிருந்து பதில் இல்லை. கிண்ணியாப் படகு இரண்டு நாளாக ஓடவில்லை. அதையே காரணமாக வைத்துக்கொள்கிறேன். உண்மைக் காரணம், போன மாதம் கடையடைப்பு நாள். சந்தியில் எங்கள் தெரு ஆட்கள், முஸ்லிம்களோடு யார் பேசுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு. வீதிக்கு அப்பால் அவள், தனியே. கை தூக்கிக் கூப்பிட்டாள். நான் குடையைச் சரித்து முகத்தை மறைத்துக்கொண்டு நடந்தேன். மழையில்லை.

பிரிவு பற்றிய கண்காட்சிக்குப் பொருத்தமான ஆள்தான் நான்.

சனி
திறப்பு. முதற் பார்வையாளர், ஊருக்குள் திரியும் மான்களில் ஒன்று. அடையாள அட்டை கேட்கப்படாமல் உள்ளே வந்து, என் பச்சைச் சேலையை முகர்ந்து, கருத்துக் கூறாமல் வெளியேறியது. மறுபக்கம் சந்திராவின் மஞ்சள். மூன்றாம் பக்கம் வெறுங்கயிறு. காற்றடிக்கும்போது இரண்டு சேலையும் கடலுக்குக் கிளம்புவதுபோல. அரைத்தூக்கத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு, அன்புவழிபுரத்திலிருந்து வந்த ஓர் அம்மா. உள்ளே போனார், கைப்பையைப் பாயில் வைத்தார், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார்.

“கையத் தூக்கச் சொல்லி நாங்க பலகை ஒண்டும் வைக்கல்லையே அக்கா,” சந்திரா என் காதில்.

“பிள்ளை, செக் பண்ண ஆள் இல்லையோ? கை உளையுது.”

“இல்லையம்மா. போங்கோ.”

“அப்ப இதென்ன கண்காட்சி?”

அடுத்தவளும் கை தூக்கினாள். அதற்கடுத்தவளும். வெளியே பெண்கள் ஒரு வரிசை, ஆண்கள் ஒரு வரிசை, கையில் அடையாள அட்டை. பேச்சாளர்களில் மூன்றாமவர் இதைக் குறியீடு என்றார். நாலாமவர் தேநீர் கேட்டார்.

ஞாயிறு
கடைசி நாள். மேகம். படகு ஓடுகிறதாம்.

பத்தரைக்கு ரம்சியா. கக்கத்தில் மடித்த நாவற்பழ நிறச் சேலை.

“இடம் வெச்சிரிக்கீங்களா?”

“ஓம்.”

“வரக்குடா எண்டுதான் இரிந்தன். படகு ஓடிச்சு.”

குடையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன்.

“முதல்ல சீலையக் கட்டுவம்.”

கட்டினோம். மூன்று நிறமும் கலந்து, உள்ளே வெளிச்சம் தண்ணீர்போல அசைந்தது. கடற்சத்தம் எங்கோ தொலைவில். அவள் கைப்பையைப் பாயில் வைத்தாள், பழக்கத்தில் கைகளைத் தூக்கினாள். உடனே புரிந்து சிரிக்கப் போனாள். சிரிக்கவில்லை. இறக்கவுமில்லை. என்னையே பார்த்தாள்.

வாசலில் எங்கள் தெரு ஆட்கள், மூன்று பேர். அவர்களும் பார்த்துக்கொண்டு.

நானும் தூக்கினேன்.